ஆடு தின்ற புரோக்கோலி

என் பேச்சுத் திறமைக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்று நான் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். என் வேனுக்காகத்தான் கூப்பிட்டார்கள் என்று புரிந்தபோது வேனில் வெங்காய வாடை நன்றாக ஊறிவிட்டிருந்தது. இனி விலகினாலும் அந்த வேனில் கல்யாணத்துக்குப் போக முடியாது. அதனால் தொடர்ந்தேன்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் நான் பயிற்சி அதிகாரி. புதிதாகச் சேருபவர்களுக்குக் கையுறை மாட்டுவது எப்படி, முடி வெளியே தெரியாமல் தொப்பி போடுவது எப்படி, தூசி புகாத அறைக்குள் எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுப்பேன். வளர்ந்தவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற தைரியம் தானாக வந்துவிடும். எனக்கு வந்துவிட்டிருந்தது. என் மனைவிக்கு மட்டும் என்மேல் அந்த நம்பிக்கை கிடையாது.

நாங்கள் இருப்பது பாடாங் செராயில். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து சுண்டலோடு நின்றுகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்றார். மருத்துவமனையில் பாதிக் கெடா மாநிலத்துக்கு ஊசி போட்டவர். இன்னும் யாரைப் பார்த்தாலும் ஊசி போடப்போகிறவர் மாதிரியே பேசுவார்.

"தம்பி, அந்தப் பெரிய வேன் இன்னும் ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்க?"

சும்மா இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது. நான் யோசிப்பதற்குள் அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார். பீடோங்கிலிருந்து உள்ளே போனால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பிள்ளைகள் கொஞ்சம்தான். முன்பெல்லாம் தோட்டத்துக்குக் காய்கறி லோரி வரும். சனம் குறையக் குறைய லோரிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். இப்போது அங்கே இருக்கிற ஒரே கடையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, கருவாடு, மீ நூடுல்ஸ் பாக்கெட். பச்சையாக ஏதாவது வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு பீடோங்குக்கு வரவேண்டும். பீடோங் பாசாரில் சில வியாபாரிகள் காய்கறி கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை.

"பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லியும் குடுக்கணும், எதச் சாப்புடணும், ஏன் சாப்புடணும்னு" என்றார் அக்கா.

சொல்லிக்கொடுப்பதை அவர் தன் வேலையாகச் சொன்னார். என் காதில் அது எனக்கு வந்த அழைப்பாக விழுந்தது.

எங்கள் கெடாவில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை வெள்ளியும் சனியும். என் தொழிற்சாலைக்குச் சனியும் ஞாயிறும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, பிள்ளைகளுக்குப் பள்ளி. இதுவே தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து சிலைட் தயாரித்தேன். பறக்கும் கேரட். சிரிக்கும் தக்காளி. கண் தெரியாத எலிக்குக் கண்ணாடி மாட்டிவிடும் பூசணிக்காய்.

மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இதுல பாவக்கா படம் இருக்கே. நீங்க பாவக்கா தின்னு நான் பாத்ததே இல்லையே."

"நான் திங்கிறதப் பத்திப் பேசல. சத்தப் பத்திப் பேசுறேன்."

"ஓ" என்றாள். அவள் அந்த ஓவை நீட்டிய நீளத்துக்கு நான் அன்றே புத்தியோடு நடந்திருக்கலாம்.

சிலைட்டில் நடுநாயகமாக ஒரு புரோக்கோலி படம் போட்டிருந்தேன். பாசார் வியாபாரிகள் புரோக்கோலி தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் என் செலவிலேயே பேரங்காடியில் வாங்கினேன், கூடவே செலரியும். "பயித்தங்காய், கங்கோங் மாதிரி கீரை போதும் தம்பி" என்று அக்கா சொல்லத்தான் செய்தார். "பிள்ளைங்களுக்கு வெரைட்டி வேணும்க்கா" என்றேன்.

முதல் ஞாயிறு விடியற்காலையில் பீடோங் பாசாருக்குப் போனோம். வியாபாரிகள் கொடுக்கக் கொடுக்க வாங்கி வேனில் அடுக்கினேன். தக்காளியை முதலில் கொடுத்தார்கள். முதலில் அடுக்கினேன். பூசணிக்காயைக் கடைசியில் கொடுத்தார்கள். கடைசியில் அடுக்கினேன். அதாவது மேலே. பெட்டிகளை எந்த வரிசையில் அடுக்கவேண்டும் என்று தொழிற்சாலையில் நான் ஒரு வகுப்பே எடுக்கிறேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் குதித்துக் குதித்துப் போனது. பள்ளி வாசலில் பின்கதவைத் திறந்தபோது தக்காளிச் சாறு கதவோரமாக வழிந்து என் காலணியில் விழுந்தது. நர்ஸ் அக்கா குனிந்து பார்த்தார். அடிபட்டவரைப் பார்க்கும் அதே பார்வை.

"பரவால்ல. சட்னிக்கு அரைக்கிற வேல மிச்சம்."

பள்ளி மண்டபம் காற்றோட்டமானது. அதாவது மூன்று பக்கம் சுவரே கிடையாது. காலை வெயில் நேராகத் திரையில் அடித்தது. புரோஜெக்டர் ஓடியது, மடிக்கணினி ஓடியது, திரை மட்டும் வெள்ளை வேட்டியாகத் தொங்கியது. பறக்கும் கேரட்டை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைத்தது நான் மட்டும்தான். அவர்களும் நன்றாகவே பார்த்தார்கள்.

"காய்கறி சாப்பிட்டா நீங்க பெருசா வளருவீங்க" என்று ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். முன்பற்கள் விழுந்திருந்தன. என் வயிற்றை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு மரியாதையோடு கேட்டாள்: "அப்ப சார் நெறைய சாப்புட்டீங்களா?"

ஆசிரியைகள் ஒரே நேரத்தில் எங்கோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் கேட்காததுபோல் கேரட் துண்டுகளை விநியோகிக்க ஆரம்பித்தேன். பச்சைக் கேரட், விரல் விரலாக நறுக்கியது. முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தன. "கடிங்க, கடிங்க" என்றேன். அந்தச் சிறுமி வாயைத் திறந்து காட்டினாள். கடிக்க அங்கே எதுவும் இல்லை. அவள் வரிசையில் பாதிப் பேருக்கு அதே நிலைமை. ஏழெட்டு வயதில் பிள்ளைகளுக்குப் பல் விழும் என்ற செய்தி என் சிலைட் எதிலும் இடம்பெறவில்லை.

அடுத்து சுக்கு சுக்கு செப்பாரோ, மலாயில் கால், கால், பாதி. நம் அரசாங்கம் சொல்லும் தட்டுக் கணக்கு அது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காயும் பழமும். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ராகத்தோடு சொன்னேன்.

ஐந்தாம் ஆண்டு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், வயித்து வலிக்குக் குடிப்போமே, அந்தச் சுக்கா?"

கேட்டவனுக்கு மலாய் என்னைவிட நன்றாகவே தெரியும். மண்டபமே சிரித்தது. அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் பின்னாலிருந்து "சுக்கு" என்று ஒரு முணுமுணுப்பு வந்துகொண்டே இருந்தது.

இடைவேளையில் கேண்டீன் நடத்தும் அக்கா எனக்கு ஒரு தட்டு நாசி லெமாக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வருகை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கோழி நகெட்டும் ஐஸ் சிரப்பும் விற்பவரிடம் போய்ப் பிள்ளைகள் பாதித் தட்டுக் காய் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆனாலும் விருந்தாளிக்குக் குறை வைக்கவில்லை. மலை மாதிரி சோறு, மேலே பொரித்த கோழி, ஓரத்தில் வெள்ளரிக்காய் இரண்டு மூன்று வில்லை. காலையிலிருந்து நான் பட்டினி. கையை வைக்கப் போனேன். நிமிர்ந்தால் சுற்றிலும் பிள்ளைகள். என் தட்டைக் கண்ணாலேயே கால், கால், பாதி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், பாதித் தட்டு காய் எங்க?" என்றான் ஒருவன், மெதுவாக. உண்மையான கவலையோடுதான் கேட்டான்.

வெள்ளரி வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உலகத்திலேயே ருசியான பண்டம் அதுதான் என்பதுபோல் மென்றேன். சோற்றில் கொஞ்சம், கோழியில் ஒரு விள்ளல். மீதியை மூடி வைத்தேன். பள்ளி விட்டதும் காய்கறியைப் பைகளில் போட்டுப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். திரும்பும் வழியில் பீடோங்கில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்தி, ரொட்டி சானாய் என்று வாய் திறப்பதற்குள் நர்ஸ் அக்கா முந்திக்கொண்டார்: "எனக்கு ரெண்டு. தே தாரேக் பால் தூக்கலா." எங்கள் இருவருக்கும் அன்றிலிருந்து ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு கூடியது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். பற்கள் விழுந்த சிறுமி வேனைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"சார், அந்தப் பச்சப் பூ இன்னிக்கும் கொண்டாந்தீங்களா?"

புரோக்கோலியைத்தான் சொல்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நர்ஸ் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். "புடிச்சிருந்துச்சாம்மா?"

"ரொம்பப் புடிச்சது சார். ஆட்டுக்கு."

"யாருக்கு?"

"எங்க ஆட்டுக்கு. முழுசாத் தின்னுருச்சு. பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் குடுத்தோம்."

விசாரித்தேன். அந்தத் தோட்டத்துக்குள் போன புரோக்கோலியில் பெரும்பகுதி ஆடுகளுக்குத்தான் போயிருக்கிறது. செலரியை மட்டும் ஆடுகளும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிட்டனவாம். நர்ஸ் அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார். "வெரைட்டி" என்று ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது.

பள்ளி விட்டதும் அந்தச் சிறுமியோடு அவள் வீட்டுக்கு நடந்தோம். நான் ஆட்டைப் பார்க்கப் போனேனா, அம்மாவைப் பார்க்கப் போனேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு. ரம்புத்தான் மரத்தடியில் ஆடு கட்டிக்கிடந்தது. மினுமினுப்பான உடம்பு. என் சத்துணவுத் திட்டத்தில் அதுவரை தேறியது அது ஒன்றுதான்.

உள்ளேயிருந்து வந்த அம்மா என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார். "சார், நீங்க கையுறை கிளாஸ் சார்தான?"

எங்கள் தொழிற்சாலையிலேயே வேலை செய்கிறவர். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மறுபடி உயிர் வந்தது. "ஆமா! ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு சார். அன்னிக்கு நைட் ஷிப்டு முடிச்சு நேரா வரச் சொல்லிட்டாங்க. உங்க கிளாஸ்லதான் நிம்மதியாத் தூங்குனேன்."

திட்டவில்லை, குத்தவுமில்லை. மனதார நன்றி சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டேன்.

அவர் பேசப் பேச விஷயம் விளங்கியது. பகல் ஷிப்டு என்றால் இருட்டோடு தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து இறக்கும். கணவர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். பள்ளி விட்டு வரும் பிள்ளை காலையில் ஆக்கி வைத்த சோற்றை முட்டையோடு சாப்பிடும். இல்லாவிட்டால் மீ பாக்கெட்டை உடைத்து, பொடியைத் தூவி, பச்சையாகவே நொறுக்கித் தின்னும்.

"அந்தப் பச்சப் பூவ நானும் ஒரு நாள் கொழம்புல போட்டேன் சார். ஒரு மாதிரி வாட அடிச்சுது. இது தொடவே மாட்டேனுட்டா. பச்சையா எது கண்ணுல பட்டாலும் துப்பிடுவா. நீங்க ஆசையாக் குடுத்தது, வீணாக்க மனசு வரல. அதான் ஆட்டுக்குப் போட்டேன்."

"நீங்க செஞ்சது சரிதான்" என்றேன்.

"சீக்கிரமா ஆக்குற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க சார். இது துப்பாம இருக்கணும்."

அந்த ஒரே கேள்விக்குத்தான் யாராவது பதில் சொல்லவேண்டியிருந்தது. கண்ணாடி போட்ட எலியை வரைந்துகொண்டிருந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வரும்போது நர்ஸ் அக்கா சொன்னார்: "பேசுனது போதும். அடுத்த தடவ பிள்ளைங்க கையாலயே ஏதாவது ஆக்க வைப்போம். தானே ஆக்குனதத் துப்ப மாட்டாங்க."

"நான் செஞ்சு காட்டுறேன்க்கா" என்றேன்.

"ஒனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"கத்துக்கலாம். ரெண்டு வாரம் இருக்கே."

வீட்டில் சொன்னபோது மனைவி முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள். பயித்தங்காய் முட்டைப் பிரட்டல். கத்தியே தேவையில்லை, காயைக் கையால் ஒடித்துவிடலாம். எண்ணெய் காய்ந்ததும் இரண்டு காய்ந்த மிளகாய் கிள்ளிப்போட்டு, வெங்காயம் வதக்கி, பயித்தங்காயைப் போட்டு மூடி, வெந்ததும் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் முடிந்தது. அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு அதுதான். முதல் நாள் காய் வேகவில்லை. அடுத்த நாள் முட்டையில் ஓடு. நான் கரண்டியைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து, கையுறை மாட்டச் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டாள். போகப் போகத் தேறிவிட்டேன். எங்கள் வாழ்க்கையில் அவள் உட்கார்ந்திருக்க நான் பரிமாறியது அப்போதுதான் முதல் தடவை. அவள் தட்டை இன்னொரு தடவை நீட்டினாள்.

அந்த ஞாயிறு கேண்டீனில் பெரிய சட்டி, பெரிய அடுப்பு. கேண்டீன் அக்கா இரண்டையும் அரைமனதோடு கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்து பயித்தங்காயை ஒடித்தார்கள். டக், டக் என்று அந்தச் சத்தம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. யார் ஒடித்தால் சத்தம் பெரிதாக வருகிறது என்று போட்டி வேறு.

நான் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் காயும் நேரத்தைச் சும்மா விட மனமில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, பயித்தங்காயில் இருக்கும் சத்தைப் பற்றி ஒரு சின்ன உரை. சின்ன உரைதான் என்று நான் சொல்கிறேன். எண்ணெய்க்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது புகைந்துகொண்டிருந்தது.

இங்கே என் கணக்கையும் சொல்லவேண்டும். வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு மிளகாய். அப்படியானால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு? பயிற்சி அதிகாரி மூளை நொடியில் பெருக்கிவிட்டது. ஒரு கிண்ணம் நிறைய கிள்ளி வைத்திருந்தேன். அதை அப்படியே புகையும் எண்ணெயில் கவிழ்த்தேன்.

முதலில் இருமியது நான். அடுத்து கேண்டீன் அக்கா, "ஐயோ, என்னத்தப் போட்டாரு இந்த ஆளு!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பை அணைக்க ஓடிவந்தார். அதற்குள் நெடி கேண்டீனைத் தாண்டி வகுப்புகளுக்குப் போய்விட்டது. பள்ளி மொத்தமும் தும்மியது. கண்ணீர் வழிய வெளியே வந்த தலைமையாசிரியை மணியடிக்கச் சொன்னார். நெருப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகத் திடலுக்கு ஓடி வரிசையில் நின்றார்கள். ஆசிரியைகள் இருமிக்கொண்டே தலை எண்ணினார்கள். பாதையில் போன செம்பனை லோரி ஒன்று நின்று, ஓட்டுநர் தலையை நீட்டி, "அண்ணே, தீயா?" என்று கேட்டார். "மொளகா!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தப் பள்ளியில் என் வகுப்பு எதற்கும் அத்தனை சுறுசுறுப்பான பதில் வந்ததில்லை.

நான் கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "எங்க நெருப்புப் பயிற்சி இவ்ளோ வேகமா நடந்ததே இல்ல சார்" என்றவர், மேலே பேச முடியாமல் இருமத் தொடங்கிவிட்டார். இருமலா சிரிப்பா என்று நான் நின்று பார்க்கவில்லை.

சட்டியைக் கழுவி, அடுப்பைத் திடலோரத்துக்கு இழுத்து வந்தது கேண்டீன் அக்கா. "இன்னும் ஒரு வாரத்துக்கு என் கேண்டீன்ல மனுசன் மூச்சு விட முடியாது" என்று சொல்லிக்கொண்டேதான் இழுத்தார். நான் கரண்டியை எடுக்கப் போனேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். "நீங்க ஒக்காருங்க சார். நாங்க பாத்துக்குறோம்."

உட்கார்ந்தேன். பெரிய பிள்ளைகள் வதக்கினார்கள், சின்னவர்கள் ஒடித்த காயைக் கைகொள்ளாமல் அள்ளி வந்து போட்டார்கள். முட்டை உடைக்க எல்லாருக்கும் ஆசை. ஓடு விழுந்ததா என்றால், விழுந்தது. நர்ஸ் அக்கா உப்பு மட்டும் போதும் என்றார். கேண்டீன் அக்கா கிச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றினால்தான் பிள்ளைகள் தின்பார்கள் என்றார். இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே இரண்டையும் போட்டார்கள். கொஞ்சம் கரிப்பாகத்தான் வந்தது.

பற்கள் விழுந்த சிறுமி தன் பங்கை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் முட்டையை மட்டும் பொறுக்கித் தின்றாள். பிறகு ஒரு பயித்தங்காய்த் துண்டைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்திலிருந்தவளிடம் காட்டினாள். "இது நான் ஒடிச்சது. கோணலா இருக்கு பாரு." வாயில் போட்டாள். கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி மெதுவாக அரைத்தாள். முகம் சுளித்தது. "கரிக்குது" என்றாள். துப்பவில்லை. தன்னுடைய இன்னொரு துண்டைத் தட்டில் தேட ஆரம்பித்தாள்.

நான் எழுந்துபோய்ச் சட்டியைக் கழுவினேன். கண் எரிச்சல் அதற்குள் எனக்குக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் குறையவில்லை.

அதன்பிறகு வேலைப் பிரிவினை தெளிவாகிவிட்டது. வேன் ஓட்டுவது நான், அடுக்குவது நர்ஸ் அக்கா சொல்கிறபடி, சட்டி கழுவுவது நான். பேசுவது யாருமில்லை. பிள்ளைகள் ஆக்குகிறார்கள், ஆக்கியதற்கான காய்கறியையே பையில் போட்டு வீட்டுக்கும் அனுப்புகிறோம். வீட்டில் போய் அம்மாவுக்கு அவர்கள் செய்து காட்டுகிறார்கள் என்று கேள்வி. எல்லாரும் செய்வதில்லை. வேண்டாம் என்கிற பிள்ளைகள் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். பாகற்காய் கொண்டுபோன ஞாயிறு யாருமே தின்னவில்லை. நர்ஸ் அக்காவும் தின்னவில்லை. "எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது தம்பி" என்று காதோரம் சொன்னார். கேண்டீன் அக்கா நகெட்டை விடவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு தட்டில் பயித்தங்காய் முட்டையும் விற்கிறார். அதுவும் தீர்ந்துபோகிறதாம். தோட்டத்தில் எனக்கு இப்போது பெயர் மொளகா சார். தொழிற்சாலை வரைக்கும் வந்துவிட்டது.

சென்ற பள்ளி விடுமுறையின்போது நர்ஸ் அக்கா பினாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். "நீங்க அங்க என்னதான் பண்றீங்கன்னு பாக்குறேன்" என்று மனைவி கிளம்பி வந்தாள். பாசாரில் காய்கறி ஏற்றிக்கொண்டு, தக்காளியை மேலே வைத்து, பெருமையாக ஓட்டிப்போனேன். பள்ளி வாசலில் சங்கிலி. காவலுக்கு இருந்தவர் நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார்: "சார், லீவு விட்டாச்சே."

நாட்காட்டியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாசார் வியாபாரிகள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேன் நிறைய கீரை, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மனைவி சிரித்த சிரிப்பில் காவல்காரரும் சேர்ந்துகொண்டார்.

"வாடிப்போறதுக்குள்ள லயத்துக்கு ஓட்டுங்க" என்றாள்.

லயத்து முனையில் நிறுத்தி, வகுப்பெடுக்கும் குரலில், "காய்கறி! காய்கறி!" என்று கூவினேன். நாய்கள்தான் முதலில் வந்தன. பிறகு பெண்கள். ஒருவர் பயித்தங்காய்க் கட்டை எடுத்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே, முத்தலா இருக்கு?"

"சும்மாதாங்க குடுக்குறேன்."

"சும்மான்னா முத்தலக் குடுக்கலாமா?"

மன்னிப்புக் கேட்டேன். வேறு கட்டு எடுத்துக் கொடுத்தேன். அதையும் வளைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். "கருவேப்பில?" என்றார்.

"இல்லீங்க."

"கருவேப்பில இல்லாம என்னா காய் வியாபாரம்" என்று அலுத்துக்கொண்டு போனார். மனைவி வேனின் பின்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீரைக் கட்டுகளை ஒவ்வொருவருக்கும் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் தீர்ந்தது. கடைசியாக வந்த ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுக்க ஒரு பூசணிக் கீற்றுதான் மிச்சமிருந்தது. அவர் உள்ளே போய்த் தன் வீட்டு மரத்துக் கொய்யாக்காய் இரண்டைக் கொண்டுவந்து மனைவி மடியில் போட்டார்.

திரும்பி வரும்போது அவள் ஒன்றைக் கடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றதை நான் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி கடித்தேன். நல்ல காய், உள்ளே சிவப்பு.

"அந்தம்மா சொன்னது சரிதான்" என்றாள். "பயித்தங்கா கொஞ்சம் முத்தல்தான். பாத்து வாங்கக்கூடாதா?"